மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவில்

…இல்லைண்ணே, நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. ஒரு மனுஷன் காலையில எழுந்து குளிச்சு, சடையை எண்ணெய் போட்டுப் பின்னி, பொண்டாட்டி வெளுத்து வெச்ச சட்டையை மாட்டிக்கிட்டு சர்க்கார் ஆபீசுக்கு வந்து நிக்கிறான். அவன் கையில தூக்கி இந்த வரிசை வில்லையையா குடுப்பாங்க? பாருங்க. ஐயோ, தொடாதீங்க! கைக்குட்டையோட சேத்துப் பாருங்க. பித்தளைதான். நல்ல பித்தளை. அதுல என்ன நம்பர் வெட்டியிருக்கு, பாத்தீங்களா? ஆங்… சொல்லாதீங்க! வாயால சொல்லாதீங்கண்ணே, மனசுக்குள்ள படிச்சுக்குங்க. மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல வர்றது. அதேதான். அந்தச் சனியனேதான்.

நல்லா உக்காருங்க, பெஞ்சு நீளமாத்தான் இருக்கு. குடையை இப்படிச் சாய்ச்சு வையுங்க. ஈப்போவுல எப்ப மழை வரும்னு அந்த மழைக்கே தெரியாது.

கிராணிகிட்ட, அதான் குமாஸ்தாகிட்ட, சொல்லிப் பாத்துட்டேன். அதோ ஜன்னலுக்குப் பின்னால மூக்குக்கண்ணாடியோட உக்காந்திருக்காரே, யாழ்ப்பாணத்து ஆளு, வைத்தி… வைத்தி… அவர் பேரை முழுசாச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பன்னெண்டு மணி அடிச்சிரும். எனக்குத் தெரிஞ்ச மலாய்ல கெஞ்சினேன். 'ஐயா, எங்க கான்டனீஸ் பேச்சுல இந்த எண்ணும் சாவும் ஒரே சத்தம். நாக்கைத் தாழ்த்தினா எண்ணு, கொஞ்சம் தூக்கினா சாவு. சாவைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போய் அபின் கடை லைசென்சைப் புதுப்பிச்சுக் குடுங்கன்னு கேட்டா விளங்குமா? வேற குடுங்க'ன்னேன். அந்த மனுஷன் கண்ணாடியை இறக்கிட்டு என்னைப் பாக்கறார். 'ஏய்யா மொக், போன வாரம் வந்தே. பதிமூணுக்கு அடுத்த வில்லை வந்துச்சு, ஜன்னல்லயே வெச்சுட்டு ஓடினே. அதுக்கு முந்தி வந்தே, தேதி சரியில்லைன்னு படியே ஏறலை. இன்னைக்குக் கடைசி நாள். பன்னெண்டு மணி அடிச்சா துரை சாப்பாட்டுக்குப் போயிருவார், நான் ஜன்னலைச் சாத்திருவேன். இது வேணும்னா வாங்கு, வேணாட்டிப் போ'ங்கறார். வேணாட்டிப் போவாமே! பதினாறு வருஷமா வாளிக்காரர் சந்துல விளக்கேத்தறவனைப் பாத்து!

அதோட விட்டாரா? 'என்னைக் கேட்டா எட்டுதான்யா ஆகாத நம்பர். எங்க ஊர்ல எட்டுன்னா எந்த நல்ல காரியத்தையும் தொடமாட்டோம்'ங்கறார். எட்டாம்! எட்டு ஆகாதாம்! எட்டுன்னு சொன்னாலே எங்க வாயில செழிப்புன்னு சத்தம் வருது, அதைப் போய்… ஒரே பட்டணத்துல உக்காந்துக்கிட்டு, ஒரே மழையில நனைஞ்சுக்கிட்டு, இவருக்கு எட்டு ஆகாது, எனக்கு அது ஆகாது, அந்த வெள்ளைக்காரத் துரைக்கோ பதிமூணு ஆகாதாம். மூணு பேருக்கும் பொதுவா ஆகாததை எல்லாம் கழிச்சுட்டு எண்ண ஆரம்பிச்சா சர்க்கார் எப்படிண்ணே நடக்கும்? ஹஹ்ஹா!

சிரிக்கிறேன்னு பாக்காதீங்க. இன்னைக்குப் புதுப்பிக்கலைன்னா நாளையிலேர்ந்து கடை கிடையாது. இந்த வருஷம் புதுச் சட்டம் வேற, ஒரு சந்துக்கு ஒரு கடைதான். போனா போனதுதான். காலையில லாய் குவான், என் பொண்டாட்டிதான், கதவுல கையை வெச்சு மறிச்சுக்கிட்டா. 'எந்த நம்பர் குடுத்தாலும் வாயை மூடிக்கிட்டு வாங்கிட்டு உள்ள போ. பச்சைக் காகிதம் இல்லாம வந்தா உன் பாயைத் தெருவுல விரிச்சிருவேன். நம்பர் உன்னைக் கொல்லாது, நான் கொல்லுவேன்' அப்படிங்கறா. மூணு பேரும் இன்னொருத்தரும் கேட்டா என்ன நினைப்பாங்க!

சரி, உங்க வில்லை என்ன? கையைத் திறங்க. …

எட்டு!

அடப்பாவி மனுஷா! எட்டையா கையில வெச்சுக்கிட்டு கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க? எனக்குக் கிடைச்சிருந்தா இந்த பெஞ்சு மேல ஏறி ஆடியிருப்பேன். எந்த ஊரு நீங்க? …பப்பானா? பலகை அறுக்கிற ஊரு. நல்ல ஊரு. என்ன தொழில்? …

பெட்டின்னா? துணிப் பெட்டியா, தேயிலைப் பெட்டியா? …

அந்தப் பெட்டியா!

தூ, தூ, தூ. இல்லைண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, வாய் தானாத் துப்பிருச்சு. சவப்பெட்டி செய்யறவரா! அட, இதைச் சொல்லலாம்ல முதல்லயே! அப்ப உங்களுக்கு இந்த நம்பர் ஒண்ணும் பண்ணாதே! மீன் விக்கிறவனுக்கு மீன் நாத்தம் தெரியுமா? உங்களுக்கு இது கெட்ட நம்பரே இல்லைண்ணே, இது உங்க வாடிக்கைக்காரன்! ஹஹ்ஹஹ்ஹா! அண்ணே… அண்ணே, ஒரு உபகாரம். என்னோடதை நீங்க எடுத்துக்குங்க, உங்களோடதை எனக்குக் குடுங்க. உங்களுக்கும் லாபம்தான், சீக்கிரம் கூப்பிட்டுருவாங்க. நான் கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன், அவ்வளவுதானே? மணி பத்துதானே ஆச்சு? இப்ப மூணு உள்ள இருக்கான். மிச்சம் எத்தனை பேரு, பொசுக்குன்னு வந்துரும்…

குடுத்துட்டீங்களா? ஒரு வார்த்தை பேசாமக் குடுத்துட்டீங்களா! இந்தாங்க, கைக்குட்டையோடயே எடுத்துக்குங்க. கைக்குட்டையும் உங்களுக்கே. எனக்கு வேணாம், அதுல ஒட்டியிருக்கும்.

ஆகா. பாருங்க இந்த எட்டை. எப்படி உருண்டை உருண்டையா உக்காந்திருக்கு, கல்யாண வீட்டு மாமியார் மாதிரி. இந்தாங்க, தர்பூசணி விதை, வறுத்தது. கொறிங்க. பாவ்கூட இருக்கு, பன்றிக்கறி உள்ள வெச்சு அவிச்ச ரொட்டி. லாய் குவான் மூணுதான் கட்டிக்குடுத்தா. இன்னொண்ணு வெச்சிருப்பா, எனக்குப் பயந்து எடுத்துட்டா. ரெண்டை நீங்க எடுத்துக்குங்க.

என் கதையைக் கேளுங்க. இந்த நம்பரு என்னைப் படுத்தற பாடு இன்னைக்கு நேத்து வந்ததில்லை. பழைய அபின் குத்தகைக்காரன் காலத்துல லைசென்சாவது பலகையாவது? திரையை இழுத்துவிட்டா கடை. போன வருஷம் சர்க்கார் எல்லாத்தையும் தானே எடுத்துக்கிச்சா? எடுத்துக்கிட்டதும் சட்டம். அபினைக் காய்ச்சறது சர்க்கார். சின்னச் சின்னக் குழாய்ல அடைச்சு முத்திரை குத்தறது சர்க்கார். எங்ககிட்ட விக்கிறது சர்க்கார். பிடிச்சு முடிச்ச கரியைக்கூட ஒழுங்காத் திருப்பிக் குடுடான்னு வாங்கிக்கிறது சர்க்கார். அப்புறம் 'இது உடம்புக்கு ஆகாது'ன்னு எழுதி சுவத்துல மாட்டுடான்னு சொல்றதும் அதே சர்க்கார்! அஞ்சு பாஷை எழுத்துல அச்சடிச்ச காகிதம். என் கடைக்கு வர்றவங்க எல்லாம் ஈயச் சுரங்கத்துல இடுப்பொடிஞ்ச ஆளுங்க, ஒருத்தனுக்கும் படிக்கத் தெரியாது. என் பழைய வாடிக்கை தாம் கிழவர் அந்தக் காகிதத்தைக் கழட்டி விசிறிக்கிட்டிருக்கார். நல்ல காத்து வருதாம்.

சட்டம்னா எப்படி? கதவுக்குத் தாழ்ப்பாள் கூடாது. சன்னல் இத்தனை அடி இருக்கணும். பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவன் வரக்கூடாது. பொம்பளை வாசப்படி தாண்டக்கூடாது. எந்தப் பொம்பளையும்! என் பொண்டாட்டியும்! யாரு கூட்டறது? லாய் குவான் என்ன பண்ணினா தெரியுமா? ஒரு நீள மூங்கிலை எடுத்து துடைப்பத்தைக் கட்டி, தெருவுல நின்னு சன்னல் வழியாக் கூட்டறா. படுத்துக்கிட்டுப் புகை இழுக்கறவன் மூஞ்சியையும் சேத்துக் கூட்டறா. இன்ஸ்பெக்டர் ஒருநாள் வந்து பாத்துட்டு, துடைப்பம் உள்ள வந்தா பொம்பளை உள்ள வந்த மாதிரியான்னு அரை மணி நேரம் புஸ்தகத்தைப் புரட்டினார். கடைசியில, 'கை உள்ள வந்தா குத்தம், துடைப்பம் வந்தா இல்லை'ன்னு தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பு!

சரி, நம்பருக்கு வர்றேன். பச்சைக் காகிதத்துல லைசென்ஸ் வந்துச்சு. பிரிச்சேன். லைசென்ஸ் நம்பர்… அந்தச் சனியன், ரெட்டையா! ஒண்ணு பக்கத்துல ஒண்ணு, கைகோத்துக்கிட்டு! அதுக்குக் கீழ, அனுமதிச்ச விளக்கு எத்தனைன்னா, மறுபடியும் அது! என் வீட்டு நம்பரோ, பதிமூணுக்கு அடுத்த கதவு. எங்க பேச்சுல அது என்ன சத்தம்னு உங்களுக்குத் தெரியும், 'செத்தே போவே' அப்படின்னு அடிச்சுச் சொல்ற மாதிரி. லைசென்ஸ் நம்பரை ஒரு பலகையில பெரிசா எழுதி வாசல்ல மாட்டணும், இங்கிலீஷ்ல ஒரு வரி, எங்க எழுத்துல ஒரு வரி. மாட்டினேன். ஒருத்தன் வருவானா? சுரங்கத்துலேர்ந்து வந்தவன் எல்லாம் பலகையைப் பாத்துட்டு சந்து முனையிலேயே திரும்பிட்டான். 'சாவு சாவு, செத்தே போவே, உள்ள வா'ன்னு எழுதி வெச்சா எவன் வருவான்? தாம் கிழவர் மட்டும் வந்தார். அவருக்குக் கண்ணு தெரியாது.

விளக்கு விஷயத்துல என்ன பண்ணேன்? அவங்க சொன்ன எண்ணிக்கையை ஏத்த எனக்குக் கை வரலை. மூணு ஏத்தினா எனக்கு நஷ்டம், அஞ்சு ஏத்தினா சட்டப்படி குத்தம். ஒரு வாரம் மூணு, ஒரு வாரம் அஞ்சுன்னு ஓட்டினேன். கூட்டிப் பங்கு போட்டா சர்க்கார் சொன்ன எண்ணிக்கைதானே வருது? இன்ஸ்பெக்டருக்கு அது புரியலை. அஞ்சு எரியிற வாரமாப் பாத்து வந்துட்டார்.

இப்ப பலகைக்கு வர்றேன், இங்கதான் என் மூளையைப் பாக்கணும். ராவும் பகலும் அந்தப் பலகையையே பாத்துக்கிட்டு இருந்தேனா? திடீர்னு கண்ணு திறந்துச்சு! அந்த எழுத்து எப்படி இருக்கும்? இப்படித் திரும்புங்க, பெஞ்சுத் தூசியில எழுதிக் காட்டறேன். முதல்ல ஒரு பெட்டி. பெட்டிக்குள்ள ரெண்டு கால் தொங்குது. இல்லையா? இப்ப சுத்தி இருக்கிற பெட்டியை மட்டும் கையால அழிங்க. மிச்சம் என்ன? அந்த ரெண்டு கால். அது என்ன எழுத்து? எட்டு! எட்டுண்ணே! இந்தச் சனியனோட வயித்துக்குள்ளயே எட்டு உக்காந்திருக்கு, பெட்டியில அடைச்சு வெச்சிருக்காங்க! நான் ஏணியைப் போட்டு ஏறினேன். ஒரு கத்தி, கொஞ்சம் டர்பன்டைன். ரெண்டு பெட்டியையும் சுரண்டினேன். எண்பத்தெட்டு! செழிப்பு மேல செழிப்பு! அடுத்த நாளே கடை நிறைஞ்சிருச்சு. படுக்க இடமில்லை. ஒருத்தன் கால் மேல ஒருத்தன் தலை.

என்ன, உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆகுது? ஓ, பெட்டியை அழிச்சேன்னு சொன்னதுலயா! ஹஹ்ஹா! உங்க பெட்டி இல்லைண்ணே, எழுத்துப் பெட்டி!

இங்கிலீஷ் வரியை நான் தொடலை. அது துரைங்க படிக்கிறது, நமக்கு எதுக்கு? ஆக, பலகையில மேல ஒரு நம்பர், கீழ ஒரு நம்பர். மூணு மாசம் ஒருத்தனும் கவனிக்கலை. தாம் கிழவர் காலை நீட்டற வரைக்கும்.

தூக்கத்துலதான் நீட்டினார். விளக்குல பட்டு, விளக்கு பாயில கவுந்து, பாய் பத்திக்கிச்சு. நான் 'தண்ணி, தண்ணி'ன்னு கத்தறேன். எழுந்திரிக்கணுமே எவனாவது? அபின் பிடிச்சவனுக்கு நெருப்பும் ஒண்ணு, தீபமும் ஒண்ணு. 'அழகா இருக்கு'ங்கறான் ஒருத்தன். லாய் குவான் தெருவுல நிக்கிறா. வாளிக்காரர் சந்துல வாளிக்கா பஞ்சம்? ஒரு வாளியைத் தூக்கினா, வாசப்படியில ஒரு நிமிஷம் நின்னா. சட்டம் ஞாபகம் வந்துச்சாம். 'வரலாமாய்யா?'ன்னு கேக்கறா என்னை! 'வாடி'ன்னேன். வந்தா. ஒரே வீச்சு. நெருப்பு அணைஞ்சிருச்சு. நான், தாம் கிழவர், பாய்ல கிடந்த மத்தவங்க, எல்லாரும் குளிச்சாச்சு. அவ இல்லைன்னா அந்தச் சந்தே சாம்பல்ண்ணே, நிசமா. அதை அவகிட்ட நான் இன்னும் சொல்லலை. சொன்னா தலைக்கு மேல ஏறிக்குவா.

பக்கத்து வீட்டு நகைக்கடைக்காரன் இருக்கானே, அவன் பாத்துட்டான். மனு எழுதிட்டான். 'எண்பத்தெட்டாம் நம்பர் கடைக்குள்ள பொம்பளை நுழைஞ்சு வெளிய வந்தாள்'னு. இன்ஸ்பெக்டர் புஸ்தகத்தைப் பிரிச்சா, எண்பத்தெட்டு எங்க இருக்கு? அடுத்த ஊரு லாஹாட்ல! கொட்டற மழையில சைக்கிளை மிதிச்சுக்கிட்டு லாஹாட் போயிட்டார். அங்க கடைக்காரன் பாவம், ஒண்டிக்கட்டை, மூணு ஆடு வளக்கறான். 'பொம்பளை எங்கடா?'ன்னு இன்ஸ்பெக்டர் கத்தறார். அவன் நடுங்கிக்கிட்டே ஆட்டைக் காட்டறான். மூணும் பொட்டை! ஹஹ்ஹஹ்ஹா… அதையும் எழுதிக்கிட்டாராம்ண்ணே! மூணு பொட்டைன்னு!

ஐயோ, கண்ணுல தண்ணி வந்துருச்சு. கைக்குட்டை… சரி, அது உங்ககிட்ட. சட்டையிலயே துடைச்சுக்கறேன்.

திரும்பி வந்து விசாரிச்சு, என் பலகை முன்னால நின்னார். கூட ஒரு மொழிபெயர்ப்பாளன். மேல படி, கீழ படி, மேல படி, கீழ படி. அவ்வளவுதான், மாட்டிக்கிட்டேன். துரை எழுத்துல ஓலை வந்துச்சு. 'இந்த மாசத்துக்குள்ள நேர்ல வந்து காரணம் சொல்லு. சரியா இருந்தா புதுப்பிச்சுத் தரோம். வரலைன்னா லைசென்சு ரத்து.' காரணம் தயாரா வெச்சிருக்கேன், கேளுங்க. மழையில அழிஞ்சிருச்சு துரை. …சிரிக்காதீங்க! ஈப்போ மழையை நம்பமுடியாது. ரெண்டு பெட்டியை மட்டும் பாத்துப் பாத்து அழிக்கிற மழையும் பெய்யும்.

மத்த கேள்வியெல்லாம் எனக்கு மனப்பாடம். போன வருஷம் கேட்டதேதான். மூணே கேள்வி. சன்னல் எத்தனை? பெரிசா ரெண்டு சன்னல்னு சொன்னா துரைக்கு முகம் மலர்ந்துரும், காத்துன்னா உசுரு அவருக்கு. எனக்கு இருக்கிறது ஒண்ணு, அதையும் துடைப்பம் அடைச்சுக்கும். ரெண்டாவது, தாழ்ப்பாள் இருக்கா? 'தாழ்ப்பாளா, அப்படின்னா என்ன துரை?'ன்னு கேக்கணும். மூணாவது, வீட்டுல பொம்பளை உண்டா? அதுக்கு 'இல்லை'ன்னு சொல்ற பாக்கியம் எனக்கில்லை. எங்க எதிர்த்த வீடு இருக்கே, பதினஞ்சாம் நம்பர், மாசக்கணக்கா காலி. ரெண்டு பெரிய சன்னல், கதவுல தாழ்ப்பாளே கிடையாது, துரு பிடிச்சு விழுந்துருச்சு. பொம்பளை வாடையே இல்லை. கொடுத்து வெச்ச வீடு! எவனாவது மூளை உள்ளவன் பிடிச்சா துரை கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுவார். நல்லவேளை, நம்ம சந்துல மூளை உள்ளவன் எவனும் இல்லை.

என்னண்ணே, பென்சிலை எடுத்துட்டீங்க? என்னைப் பாத்துப் பாத்து எழுதறீங்க… ஐயையோ, என் அளவையா எடுக்கறீங்க! ஹஹ்ஹா! நான் அஞ்சே கால் அடி, தோளு கொஞ்சம் அகலம், இப்ப அவசரமில்லை! …மடியில என்ன சுருள்? வரைபடமா? கட்டம் கட்டமா… பெட்டிக்கு எல்லாம் வரைபடம் போடறீங்களா பப்பான்ல? முன்னேறிட்டாங்கய்யா. பெட்டிக்கு எதுக்கு ரெண்டு சன்னல்? சரி சரி, வசதியான பிணமா இருக்கும். நீங்க எதுக்கு இங்க வந்திருக்கீங்கன்னு நானே சொல்லிருவேன். உங்க ஊருல அபின் கடைக்காரன் எவனோ போயிட்டான், பெட்டி நீங்க குடுத்தீங்க, அவன் லைசென்சைத் திருப்பிக் குடுக்க உங்களை அனுப்பிட்டாங்க. சரியா? தலையை ஆட்டுறதே ஒரு மாதிரி ஆட்டறீங்க. நல்ல மனுஷன். பேச்சே இல்லை. என் பொண்டாட்டிக்கு உங்களைப் பிடிக்கும்.

யோசிச்சுப் பாத்தா நாம ரெண்டு பேரும் ஒரே தொழில்தான். படுக்க இடம் குடுக்கறோம். எங்கிட்ட வர்றவன் திரும்ப எழுந்திரிக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம்…

ஆ! கூப்பிட்டுட்டார்! காதைப் பொத்திக்கிட்டேன், ஆனா வாயசைவு தெரிஞ்சுச்சு. உங்களைத்தான்! போங்க, போங்கண்ணே. தைரியமாப் போங்க. குடை இங்கயே இருக்கட்டும், இடம் பிடிச்ச மாதிரி இருக்கும், நான் பாத்துக்கறேன். பித்தளை வில்லையை ஜன்னல்ல குடுத்துட்டுப் போகணும்… ஆங், குடுத்துட்டார். சமத்து.

குடையாரே, பாத்தீங்களா உங்க முதலாளியை? நடையைப் பாருங்க, நாலும் தெரி… ஐயோ! நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். இல்லை, நான் சொல்லவே இல்லை. பாதியிலயே நிறுத்திட்டேன். தூ, தூ, தூ. குடையாரே, நீங்கதான் சாட்சி.

ம்.

என்ன, உள்ள போய் இவ்வளவு நேரம்? லைசென்சைத் திருப்பிக் குடுக்க எவ்வளவு நேரமாகும்? 'இந்தாங்க, செத்துட்டான்', முடிஞ்சுது. …துரை சிரிக்கிறார்! கேட்டுச்சா? துரை சிரிச்சு நான் கேட்டதே இல்லை. என் விஷயத்துல அவர் பல்லு வெளிய தெரிஞ்சதே இல்லை, மீசைக்குப் பின்னால பூட்டி வெச்சிருப்பார்.

கிராணி ஐயா! மணி என்ன ஆச்சு? …பதினொண்ணரையா! எப்படி பதினொண்ணரை? பத்துதானே? …ஓ, நான் பேச ஆரம்பிச்சப்ப பத்தா. சரி, சரி. இப்ப அஞ்சாம் நம்பரைக் கூப்பிடுங்க. அஞ்சு யாரு? அந்த மெங்லெம்பு ஊர்க்காரரா? மடியில கட்டுக் கட்டா காகிதம் வெச்சிருக்காரே… ஐயா, நீங்க சீக்கிரம் பேசுவீங்கதானே? …திக்குவாயா. சரி. பரவால்லை. எட்டு கையில இருக்கு. எட்டு இருக்கிறவனுக்கு அவசரமில்லை. விதை கொறிப்போம்.

இன்னும் உள்ளதான் இருக்கார் நம்ம பப்பான்காரர். குடையாரே, உங்க முதலாளிக்குப் பேசத் தெரியுமா? எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலையே, உள்ள என்னதான் பேசறார்? சன்னலைப் பத்தி என்னமோ காதுல விழுது… 'ரெண்டு'ங்கறார். 'தாழ்ப்பாளா, அப்படின்னா என்ன துரை?'ங்கறார்…

இது என்னோட பதிலாச்சே.

குடையாரே… அவர் எதுக்கு என் பதிலைச் சொல்றார்?

மணி அடிக்குது. ஒண்ணு… ரெண்டு… மூணு… நான் எண்ணலை, நிறுத்திட்டேன், இனிமே அஞ்சுலேர்ந்து எண்ணறேன். கிராணி ஐயா! ஐயா, ஜன்னலைச் சாத்தாதீங்க! எட்டு! இதோ பாருங்க எட்டு! …அஞ்சுக்கே முடியலையா? …நாளைக்கா? நாளைக்கு எதுக்கு, இன்னைக்குத்தானே கடைசி நாளு! …நீங்களே குடுத்த வில்லைதானேங்கறீங்களா? இல்லை ஐயா, நீங்க குடுத்தது வேற. நான்தான்… நான்தான் மாத்திக்கிட்டேன். …ஆமா, சொன்னீங்க. எட்டு ஆகாதுன்னு சொன்னீங்க. கேட்டேன். சிரிச்சேன். …ஆமா ஐயா. சாத்திக்குங்க.

…

அண்ணே. வந்துட்டீங்களா? உங்க குடை பத்திரம். என்ன கையில? பச்சைக் காகிதம். …காட்டுங்க. பயப்படாதீங்க, கிழிக்கமாட்டேன். படிக்கத்தான்.

யிப் குங் லாம். உங்க பேரா? இவ்வளவு நேரம் பேசினேன், பேரைக் கேக்கலை பாருங்க. எதுக்கு வந்தீங்கன்னும் கேக்கலை. நானே கேட்டேன், நானே பதில் சொல்லிக்கிட்டேன். …வாளிக்காரர் சந்து. பதினஞ்சாம் நம்பர் வீடு. ரெண்டு சன்னல். விளக்கு… ம், அதே எண்ணிக்கை. லைசென்ஸ் நம்பர்… அட! அதே ரெட்டை! பன்னெண்டு அடிச்சதும் என்னோடதை ரத்து பண்ணிட்டு, என் நம்பரையே உங்களுக்குத் தூக்கிக் குடுத்துட்டாங்களா! ஒரு சந்துக்கு ஒரு கடை!

ஹ… ஹஹ்… ஹஹ்ஹஹ்ஹா! இருங்க, மூச்சு விட்டுக்கறேன். அண்ணே, நான் ஏணி போட்டு ஏறி பெட்டியைச் சுரண்டிப் பிரிச்சேனா? பெட்டி நேரா பெட்டிக்காரர்கிட்டப் போயிருச்சு! எட்டு மட்டும் என் கையில தனியா நிக்குது! பாருங்க, இன்னும் பளபளன்னு! இன்னைக்குக் காலையில அந்த வில்லையோட பேசாம உள்ள போயிருந்தா இந்தக் காகிதம் என் கையில. போன வாரம் போயிருந்தா என் கையில. அதுக்கு முந்தி படி ஏறியிருந்தா… நம்பர் என்னண்ணே பண்ணுச்சு என்னை? ஒண்ணும் பண்ணலை. அது பாட்டுக்கு மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல சிவனேன்னு உக்காந்திருந்துச்சு.

ஆனா ஒண்ணு சொல்றேன். அந்தப் பலகைக்கு ஒருத்தனும் வரமாட்டான். …வந்தா விளக்கு, வரலைன்னா பெட்டி விப்பீங்களா? ரெண்டும் ஒரே வீட்டுலயா! அடேயப்பா, நீங்க பேச ஆரம்பிச்சா இப்படித்தான் பேசுவீங்களா? பேசாமலே இருந்திருக்கலாம்.

போகாதீங்க. கொஞ்சம் நில்லுங்க. பச்சைக் காகிதம் இல்லாம வீட்டுக்குப் போனா என் பாய் தெருவுல கிடக்கும், சொன்னேன்ல. …உங்க கடைக்கு விளக்குத் துடைக்க ஆள் வேணாமா? பதினாறு வருஷ அனுபவம்ண்ணே. திரி வெட்டுவேன், குழாய் சுத்தம் பண்ணுவேன், ஒரு பாயை இன்னொரு பாய் மேல இடிக்காமப் போடுவேன். தாம் கிழவரைக் கூட்டிக்கிட்டு வர்றேன், அவருக்குப் பலகை தெரியாது. தெருவுல நின்னு கூட்டறதுக்கு லாய் குவான் வருவா, நீளத் துடைப்பம் எங்களோடது. நெருப்புப் பிடிச்சா அவளைவிட நல்ல ஆள் உங்களுக்கு ஈப்போவுல கிடைக்கமாட்டா. அதை அவகிட்ட இன்னைக்குச் சொல்லிரப்போறேன். பாயை விரிக்கிறதுக்கு முந்தி சொன்னா ஒருவேளை…

சரிங்கறீங்களா? நிசமாவா! நல்ல மனுஷன்ண்ணே நீங்க, முதல்லயே சொன்னேன். கடையை எப்பத் திறப்பீங்க? நாளைக்கு மத்தியானம்… எத்தனை மணிக்கு? …

அந்த மணிக்கா? அஞ்சுக்கு வெச்சுக்கலாமே. இல்லை, மூணுக்கே வந்து காத்திருக்கேன், எனக்கொண்ணும் சிரமம் இல்லை… சரி, சரி. மூஞ்சியைத் திருப்பாதீங்க. வர்றேன், அதே மணிக்கு வர்றேன். …என்ன? வாயால சொல்லணுமா? எதுக்குண்ணே? …சொன்னாத்தான் வேலையா?

…

நாலு.

நாளைக்கு, நாலு மணிக்கு, வந்துடறேன்ண்ணே.

…அட. ஒண்ணும் ஆகலையே.